வகுப்பறைச் சுவரும் வீட்டுப் படலையும்

விஜயதசமி நாளிலே ஏடு தொடக்குதல் நம் வீடுகளிலும் கோயில்களிலும் தொன்றுதொட்டு நடைபெற்றுவரும் மங்கல நிகழ்ச்சியாகும். பெரியவர் ஒருவர் குழந்தையை மடியிலிருத்தி, அதன் பிஞ்சு விரலைப் பற்றி, தட்டிலே பரப்பிய அரிசியில் அகரத்தை எழுதுவிப்பார். எழுத்து உருவாவதைக் குழந்தை வியப்போடு பார்க்கும். மறுகணம் அதன் கையே அரிசியை அளைந்து அவ்வெழுத்தை அழித்துவிடும். எழுதியவரும் எழுதுவித்தவரும் அன்றி அம்முதலெழுத்தை வேறெவரும் கண்டிலர்.

அக்குழந்தை வளர்ந்து பத்தாந் தரத்துக்கு வந்தபின் எழுதும் எழுத்து அவ்வளவு எளிதில் அழிவதில்லை. வகுப்பறைச் சுவரிலே குத்திவைத்த ஒரு தாளை எவரேனும் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தால், அன்று மாலைக்குள் அது கடல் கடந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாசிக்கப்படுகின்றது. ஆகவே, எழுதக் கற்பிக்கின்ற ஆசிரியர், எழுதியது எங்கே போய்ச் சேரும் என்பதையும் கற்பிக்கக் கடமைப்பட்டவராகின்றார். இவ்வுண்மையை நாம் நூல்களிற் கற்கவில்லை. எமது சொந்தத் தவறொன்றே அதனை எமக்குக் கற்பித்தது. அதனை மறைப்பதிற் பயனில்லை. பிற ஆசிரியர்க்கும் பெற்றோருக்கும் உதவுமாயின் கூறுவதே நன்று எனக் கருதி இதனை எழுதுகின்றோம். சம்பந்தப்பட்ட தாயின் அனுமதியைப் பெற்றுள்ளோம். அடையாளங் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியுமுள்ளோம்.

எமது வகுப்பிலே ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தி வந்தோம். மாணாக்கர் தம் கையால் எழுதிய கட்டுரை, கவிதை, கதை, சித்திரம் என்பவற்றை மாதந்தோறும் ஒரு பலகையிலே குத்திவைப்பது வழக்கம். அப்பத்திரிகை தோன்றுவதற்கு முன் எமது பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகின்றது. 'ஒரு பழைய குடையின் சுயசரிதை' எழுதுக என்றால், நாற்பது பேரும் ஒரே வழிகாட்டி நூலைப் பார்த்து ஒரே வசனங்களைப் பெயர்த்தெழுதித் தருவர். நாற்பது குடைகளும் ஒரே கடையில் வாங்கப்பட்டு, ஒரே மழையில் நனைந்து, ஒரே குப்பைமேட்டில் உயிர் துறக்கும். ஆசிரியரின் சிவப்பு மைக்காக மட்டும் எழுதப்படும் எழுத்து வேறு எவ்வாறு இருத்தல் கூடும்? உடன் பயில்வோர் வாசிப்பர் என்று ஆனதும் நிலைமை மாறிற்று. வழிகாட்டி நூல்கள் புத்தகப் பைக்குள்ளே போயின. பிள்ளைகள் தம் வீட்டையும் வேலியையும் ஆட்டுக்குட்டியையும் எழுதத் தொடங்கினர்.

அவ்வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். அரைப் பக்கத்துக்கு மேல் எழுதியறியாதவன். கேட்ட கேள்விக்கு விடை தருவான். தானாக வாய் திறவான். 2023 ஆம் ஆண்டில் ஒருநாள் அவன் மூன்று பக்கங்கள் எழுதிக் கொணர்ந்து எமது மேசையில் வைத்துவிட்டு, நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தன்னிடத்துக்குப் போய்விட்டான். 'நாங்கள் மூன்று பேர்' என்பது தலைப்பு. தந்தையை இழந்த குடும்பம். தாய் பட்டணத்துப் புடைவைக்கடை ஒன்றிலே வேலை செய்கின்றாள். வீடு திரும்ப இரவு எட்டு மணியாகும். பாடசாலை விட்டுவந்து தங்கைக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதும், அவளுடைய பாடத்தைப் பார்ப்பதும், இருட்டியபின் இருவரும் வாசற்படியில் அமர்ந்து பேருந்தின் ஓசைக்குக் காதுகொடுத்திருப்பதும் அவன் வேலைகள். எத்தனையாவது பேருந்தில் அம்மா வருவாள் என்பதை ஓசையைக் கொண்டே தங்கை சொல்லிவிடுவாளாம். அதனை அவன் எழுதியிருந்த விதம் எம்மை உலுக்கிற்று. தங்கையின் பெயர், ஒழுங்கையின் பெயர், ஒழுங்கையின் முடிவில் உள்ள பொதுக்கிணறு, அதற்கு அப்பால் உள்ள தம் வீடு, ஆகிய யாவும் அதில் இருந்தன.

வகுப்பிலே அதனை உரக்க வாசித்தோம். வாசித்து முடித்தபின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. "தம்பி, இதிலை ஒரு சொல்லும் மாத்த வேண்டாம்" என்று கூறினோம். பின்னர் அவ்வாறு கூறிய வாயையே நொந்துகொண்டோம்.

அடுத்த வாரம் பெற்றார் தினம். பாடசாலை மண்டபத்திலே நல்ல ஆக்கங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவனுடைய மூன்று பக்கங்களுக்கும் நடுவிடம் கொடுத்தோம். முழுப் பெயரையும் வகுப்பையும் மேலே பெரிய எழுத்தில் எழுதினவர் நாமேதாம். வந்தவர்களில் யாரோ ஒருவர் அதனைப் படம்பிடித்து, பாராட்டுரையும் சேர்த்து, வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அனுப்பினார். அவருடைய எண்ணம் நல்லதே. இரண்டு நாளைக்குள் ஊரவர் யாவரும் படித்தனர். வெளிநாடுகளில் வாழும் ஊரவர்களும் படித்தனர். எம்மை அழைத்து வாழ்த்தியவர்கள் பலர். ஆசிரியர் என்ற பெருமிதத்தோடு நாமும் தலைநிமிர்ந்து நடந்தோம்.

நான்காம் நாள் காலை அம்மாணவனின் தாய் வந்தாள். கடைக்குப் போகும் வழியில் வந்தவள். நேரமில்லை என்று கூறி இருக்க மறுத்துவிட்டாள். சினந்து பேசினாளில்லை. சினந்து பேசியிருந்தால் எமக்குத் தாங்க இலகுவாக இருந்திருக்கும்.

"சேர், பிள்ளை நல்லா எழுதினவன் எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கும் சந்தோசம்தான். ஆனா, நான் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டை வாறனான் எண்டதும், அதுமட்டும் பிள்ளையள் தனிய இருக்கிறதும் இப்ப ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். நேற்றுப் பொழுதுபட ஆரோ ஒரு ஆள் படலையடியிலை நிண்டு மகளின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவராம். பிள்ளையள் விளக்கை நூத்துப்போட்டு உள்ளுக்கை இருந்ததுகள்."

இவ்வளவே அவள் கூறியது. பேருந்து வருகின்றதென்று புறப்பட்டுவிட்டாள்.

படலையடியில் நின்றவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அயலவர் ஒருவர் வெளியே வந்து குரல் கொடுத்ததும் அவர் போய்விட்டாராம். கட்டுரையைப் படித்து மனமிரங்கி உதவ வந்த நல்லவராகவும் அவர் இருந்திருக்கலாம். ஆயினும், இருள் சூழ்ந்த வேளையில் தனித்திருந்த இரு பிள்ளைகள் அதனை எவ்வாறு அறிவர்? அவர்கள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலே இருந்த அந்தப் பொழுதுக்கு முழுப் பொறுப்பும் எம்முடையதே. அன்று மாலையே அயலில் உள்ள மூதாட்டி ஒருவர், தாய் திரும்பும்வரை பிள்ளைகளோடு வந்திருக்க இசைந்தார். அதனை நல்லூழ் என்றே சொல்லவேண்டும்.

ஆசிரியர் ஓய்வறையிலே இச்செய்தி பேசப்பட்டபோது கருத்துக்கள் பலவாறாக எழுந்தன. "சுவர்ப் பத்திரிகையும் வேண்டாம், சோலியும் வேண்டாம், பாடத்திட்டத்தை முடித்தாற் போதும்" என்றார் ஒருவர். அச்சம் நிறைந்த அவ்வேளையில் எமக்கும் அதுவே சரியெனத் தோன்றிற்று. பலகையைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டோம்.

அடுத்த மாதம் அம்மாணவன் ஒரு கட்டுரை தந்தான். 'ஒரு பழைய குடையின் சுயசரிதை'. முதல் வசனத்திலேயே வழிகாட்டி நூலை அடையாளங் கண்டுகொண்டோம். நாம் முதலிற் செய்தது ஒரு தவறென்றால், பலகையைக் கழற்றியது மற்றொரு தவறு என்பது அப்போது விளங்கிற்று. முதலாவது தவறு அவனைப் பலர் முன்னே தள்ளிற்று. இரண்டாவது தவறு அவனை மீண்டும் மௌனத்துள்ளே தள்ளிற்று. எழுதியது குற்றம் என்றல்லவா அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டிருப்பான்!

பிள்ளைகளின் எழுத்தை வெளியுலகின் முன் வைத்தல் புதிய காரியமன்று. பிரான்சு நாட்டின் தென்பகுதியிலே செலஸ்தீன் பிரெனே என்ற கிராமப் பாடசாலை ஆசிரியர் வாழ்ந்தார். முதலாம் உலகப் போரிலே மார்பிற் காயமுற்றவர். அவர் 1924 ஆம் ஆண்டளவில் ஒரு சிறிய அச்சியந்திரத்தை வகுப்பறைக்குள் கொணர்ந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் எண்ணியதையும் எழுதினர். தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். தொலைதூரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அனுப்பி, அவர்களுடைய எழுத்தைப் பெற்று வாசித்தனர். போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சோவிலே மருத்துவரும் எழுத்தாளருமாகிய யானுஷ் கோர்ச்சாக் 1926 ஆம் ஆண்டில் ஒரு நாளிதழின் வாராந்த இணைப்பாகப் பிள்ளைகளே எழுதும் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். 1939 இல் போர் மூளும்வரை அது வெளிவந்தது. பிள்ளைகளின் சொல்லுக்குச் செவிசாய்க்க உலகம் கடமைப்பட்டது என்பது அப்பெரியாரின் கொள்கை. 1942 ஆம் ஆண்டில், தம் பராமரிப்பில் இருந்த அநாதைப் பிள்ளைகளைக் கைவிடாது, அவர்களோடு திரெபிளிங்கா என்னும் கொலைக்களத்துக்குச் சென்று உயிர்நீத்தவர் அவர்.

பிரெனேயின் வரலாற்றிலே எம்மைப் போன்றோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1932 ஆம் ஆண்டளவில் அவர் சென்-போல் என்ற ஊரிலே கற்பித்துக்கொண்டிருந்தார். மாணவன் ஒருவன் தான் கண்ட கனவை எழுதினான். ஊர் மேயரைக் கொல்வதாகக் கனவு. பிள்ளைகளின் கனவுகள் அப்படித்தான் இருக்கும், விடிந்தால் மறந்துவிடுவர். ஆனால் பிரெனேயின் எதிரிகள் அந்த எழுத்தை எடுத்துச் சுவரொட்டியாக்கி ஊரெங்கும் ஒட்டினர். பெருங் கலகம் மூண்டது. முடிவிலே பிரெனே அப்பாடசாலையை விட்டு விலக நேர்ந்தது. தளராத அவர் 1935 இல் வான்ஸ் என்ற ஊரிலே தமது சொந்தப் பாடசாலையைத் திறந்து பணியைத் தொடர்ந்தார்.

வகுப்பறைக்கென எழுதிய வாசகம் தெருச்சுவருக்கு வந்தபோது அதன் பொருளே மாறிவிட்டது என்பதை இங்கு நோக்குக. வகுப்பிலே அது ஒரு பிள்ளையின் கனவு. தெருவிலே அது பெரியவர்களின் போருக்கு ஆயுதம். எமது மாணவனின் மூன்று பக்கங்களும் அவ்வாறே. வகுப்பிலே அவை பாசத்தின் கதை. தெருவுக்கு வந்ததும், காவலில்லாத வீடொன்றின் விலாசம். சொற்களில் ஒன்றேனும் மாறவில்லை; வாசிப்பவரே மாறினர்.

ஐக்கிய நாடுகள் சபை 1989 ஆம் ஆண்டிலே சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 1991 இல் இலங்கையும் அதனை ஏற்று உறுதிசெய்தது. அதன் 13 ஆம் உறுப்புரை, தன் கருத்தை வெளியிடும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கின்றது. 16 ஆம் உறுப்புரை, பிள்ளையின் அந்தரங்கமும் குடும்பமும் வீடும் காக்கப்படவேண்டும் என்கின்றது. ஒரே சாசனத்தில் நிற்கும் இவ்விரண்டில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்தல் முறையன்று. நாம் முதலில் பதின்மூன்றைக் கொடுத்துப் பதினாறைப் பறித்தோம். பின்னர் பதினாறுக்கு அஞ்சிப் பதின்மூன்றைப் பறித்தோம். இரண்டையும் ஒருங்கே காப்பது எவ்வாறு என்பதே எம்முன் நின்ற வினா.

பலகையை மீண்டும் மாட்டுவதற்கு முன் வகுப்பிலே ஒரு பயிற்சி நடத்தினோம். இல்லாத மாணவி ஒருத்தி எழுதியதாக நாமே ஒரு சிறு கட்டுரையைப் புனைந்து கொடுத்தோம். அதிலே பெயர் எதுவும் இல்லை. பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் நீலநிறப் படலை போட்ட வீடு. அப்பா கட்டாரிலே வேலை. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை மணிக்குத் தனிவகுப்பு முடிந்து துவிச்சக்கர வண்டியில் குளக்கரை வழியாகத் தனியே திரும்புதல். அந்நேரத்துக் குளத்தின் அழகு. இவ்வளவே. "இக்கட்டுரையைப் படித்த முன்பின் அறியாத ஒருவர் இப்பிள்ளையைப் பற்றி எவற்றை அறிந்துகொள்வார்?" என்று கேட்டோம்.

முதலிலே, குளம் அழகானது என்றும் தந்தை வெளிநாட்டில் உள்ளார் என்றும் கூறினர். பின்னர் ஒருவர் சொன்னதோடு மற்றவர் சொன்னதைச் சேர்க்கத் தொடங்கினர். கரும்பலகையிலே வீடும் வழியும் நாளும் நேரமும் ஒவ்வொன்றாக ஏறின. பத்து நிமிடத்தில் வகுப்பு அடங்கிவிட்டது. பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் பேரே தேவையில்லை" என்றாள். நாம் ஒரு மாதம் விரிவுரை நிகழ்த்தியிருந்தாலும் அவ்வசனத்துக்கு ஈடாகாது.

அன்றைக்கே பிள்ளைகளும் நாமுமாகச் சில ஒழுங்குகளை வகுத்தோம். நாம் கட்டளையிட்டவை சில. அவர்கள் கேட்டுச் சேர்த்தவையே அதிகம்.

முதலாவது, பலகையிலே வரும் ஆக்கங்களுக்கு முழுப் பெயர் இல்லை, புனைபெயரே உண்டு. எவர் எந்தப் பெயரில் எழுதுகின்றார் என்ற குறிப்பு எமது பூட்டிய மேசைக்குள் இருக்கும். இதனைப் பிள்ளைகள் விளையாட்டைப் போல வரவேற்றனர். ஈழத்து இலக்கியத்திலே உருத்திரமூர்த்தி என்பவரே மஹாகவி என்பதையும், சிவஞானசுந்தரம் என்பவரே இலங்கையர்கோன் என்பதையும், சின்னத்துரை என்பவரே நீலாவணன் என்பதையும் எடுத்துக் கூறியபோது, ஒரு வாரம் முழுவதும் வகுப்பிலே பெயர் சூட்டு விழாவே நடந்தது.

இரண்டாவது, ஊரைச் சொல்லலாம்; ஒழுங்கையைச் சொல்லலாகாது. மாலைப் பொழுதைச் சொல்லலாம், மணியைச் சொல்லலாகாது. வழக்கமாகத் தனித்திருக்கும் வேளை, தனியே செல்லும் வழி, வீட்டிலே பெரியவர் இல்லாத நாள், தொலைபேசி இலக்கம் ஆகியன எழுத்திலே வரக்கூடா. இவற்றை நீக்கினால் கட்டுரை குறைவுபடுமே என ஒருவன் வருந்தினான். "அம்மா எட்டு மணிக்கு வருவா எண்டதை விட, அம்மா வாற பேருந்தின்ரை சத்தம் தங்கச்சிக்குத் தெரியும் எண்டதுதானே நல்லாயிருந்தது?" என்று இன்னொருத்தி கேட்டாள். எழுத்தின் உயிர் எங்கே இருக்கின்றது என்பதையும் பிள்ளைகள் அன்று கற்றனர்.

மூன்றாவது, பிறரைப் பற்றி எழுதும்போது அவருடைய சம்மதம் வேண்டும். தங்கையின் பெயரையும் அழுகையையும் நோயையும் எழுத அண்ணனுக்கு உரிமை உண்டா என்ற வினாவை எழுப்பியவர்கள் தங்கைமாரே. தோழனைப் பரிகசித்து எழுதுவதும் இவ்விதியினாலேயே தடுக்கப்பட்டது. அவ்வாறே, புகைப்படமும் பெயரும் ஒருசேர வருதல் இல்லை.

நான்காவது, எழுதிய அன்றே பலகையில் ஏற்றுவதில்லை. ஓரிரவு கழியவேண்டும். மறுநாட் காலையில் எழுதியவர் தாமே ஒருமுறையும், இன்னொரு மாணாக்கர் அந்நியரின் கண்கொண்டு ஒருமுறையும், இறுதியாக நாம் ஒருமுறையும் வாசித்தபின்பே அது வெளியே வரும். உணர்ச்சி வேகத்தில் எழுதிய எத்தனையோ வரிகளை அவ்வோரிரவின் உறக்கமே நீக்கிவிட்டிருக்கின்றது.

ஐந்தாவது, மண்டபத்திலோ வேறிடத்திலோ காட்சிக்கு வைப்பதாயின் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அதனோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இன்று சம்மதித்தவர் நாளை வேண்டாமென்றால், காரணம் கேட்காது கழற்றிக் கொடுத்துவிடவேண்டும். வாசகர் கருத்து எழுத விரும்பினால் அதற்கென ஒரு பெட்டி உண்டு. அதில் இடப்பட்ட துண்டுகளை முதலில் நாம் வாசித்தபின்பே பிள்ளையிடம் கொடுக்கின்றோம். பாராட்டு என்ற போர்வையிலே பிள்ளையைத் தனியே சந்திக்க விரும்புவோருக்கு இப்பெட்டி ஒரு வேலி.

இவையெல்லாம் முழுமையான பாதுகாப்பு என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கிலே பதினொரு வயதுச் சிறுமியாக இருந்த மலாலா, 2009 ஆம் ஆண்டிலே, பெண்பிள்ளைகளின் பாடசாலைகள் மூடப்பட்டதைப் பற்றிய நாட்குறிப்பை பி.பி.சி. உருதுப் பிரிவுக்கு 'குல் மக்காய்' என்ற புனைபெயரிலே எழுதினார். உயிராபத்து இருந்தமையால் அப்பெயர் வேண்டியிருந்தது. ஆனால் அப்புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது விரைவிலேயே வெளிப்பட்டுவிட்டது. தம் பெயருடனேயே பொதுவிற் பேசிவந்த அவர் 2012 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பாடசாலைப் பேருந்திற் சுடப்பட்டு உயிர்தப்பினார். 2014 இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்ததை உலகம் கொண்டாடிற்று. அச்சிறுமியின் துணிவை வணங்குகின்றோம். ஆயினும், ஒரு பிள்ளை இத்தகைய விலை கொடுக்கவேண்டி வந்ததையும் நாம் மறக்கலாகாது. புனைபெயர் ஒரு திரைச்சீலை. அது கோட்டைமதில் அன்று. திரைக்குப் பின்னால் விழித்திருக்கும் பெரியவர்களே உண்மையான மதில்.

இன்னொன்றும் கூறவேண்டும். எழுதும் சுதந்திரம் கிடைத்ததும், சில பிள்ளைகள் வாயாற் சொல்ல முடியாததைத் தாளிலே சொல்லிவிடுவார்கள். வீட்டிலே அடி, குடி, அதனினும் கொடிய துன்பங்கள் கட்டுரையின் நடுவே ஒரு வரியாக வந்து நிற்கும். அது பத்திரிகைக்கான வரி அன்று; எம்மை நோக்கிய அழைப்பு. அதற்குப் புள்ளியிடுவதும் எழுத்துப்பிழை திருத்துவதும் ஆசிரியரின் வேலையல்ல. அத்தாளைப் பிறர் கண்ணிற் படாமல் எடுத்துவைத்து, அப்பிள்ளையோடு அமைதியாகப் பேசி, அதிபருக்கு அறிவித்து, உரியவர்களின் உதவியை நாடவேண்டும். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் எவரும் அழைக்கலாம். ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு பெற்றாரும் மனத்திற் பதித்திருக்கவேண்டிய இலக்கம் அது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பரிசையும் பெறுபேற்றையும் பாடசாலைப் பெயரோடும் புகைப்படத்தோடும் ஊரறியப் பரப்புகின்றீர்கள். அன்பு மிகுதியாற் செய்கின்றீர்கள் என்பதை அறிவோம். நாமும் அன்பு மிகுதியாலேயே தவறிழைத்தோம். அனுப்புமுன் ஒரு நொடி நின்று, "இதனை எமது பிள்ளையைத் தெரியாத ஒருவர் பார்த்தால் எதை அறிந்துகொள்வார்?" என்று எண்ணிப் பாருங்கள். பாடசாலை விழாக்களில் பிறர் பிள்ளையின் எழுத்தையோ முகத்தையோ படம்பிடிக்குமுன் கேட்டுப் பிடியுங்கள். கேட்பதிலே இழிவு ஒன்றுமில்லை.

பலகை மீண்டும் சுவரேறியது. அம்மாணவனை எழுதும்படி நாம் வற்புறுத்தவில்லை. அவனைத் தனியே அழைத்து, "தம்பி, நீ எழுதினது பிழையில்லை. நாங்கள் அதை வைச்ச இடந்தான் பிழை. எங்களை மன்னிச்சுக்கொள்" என்று மட்டும் கூறினோம். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது நம்மிடையே வழக்கமன்று. அவன் தலைகுனிந்தபடி, "பரவாயில்லை சேர்" என்றான். மூன்று மாதங்கள் சென்றன. ஒருநாட் காலை எமது மேசையின்மீது மடித்த தாளொன்று கிடந்தது. 'கிணறு' என்பது தலைப்பு. கீழே ஒரு புனைபெயர். அதனை இங்கே வெளியிடோம்.

வெயிற் காலத்திலே கிணற்றின் நீர் எவ்வாறு கீழே கீழே போகின்றது, கயிற்றை நீட்டவேண்டி வருகின்றது, அதனுள்ளே குனிந்து கூப்பிட்டால் தன் குரலே பெரியவர் ஒருவரின் குரலாகத் திரும்பி வருகின்றது என்பதை எழுதியிருந்தான். ஊரில்லை, பெயரில்லை, நேரமில்லை. முந்திய கட்டுரையைக் காட்டிலும் இது சிறந்தது என்பதை அவனிடம் கூறியபோது, பல மாதங்களுக்குப் பின் அவன் சிரித்ததைக் கண்டோம்.

அடுத்த பெற்றார் தினத்திலே, தாயும் மகனும் ஒப்பமிட்ட சம்மதத்தோடு அக்கட்டுரையும் மண்டபத்திலே இடம்பெற்றது. பலர் நின்று வாசித்தனர், எழுதியவர் யாரென்று எம்மை வினவினர், நாம் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபின் அந்தத் தாய் மெல்ல வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வாசித்து முடித்தாள். பின்னர் எம்மை நோக்கித் திரும்பி, தாழ்ந்த குரலில், "இது எங்கடை கிணறுதான், சேர். ஆனா எங்கடை எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

அன்றும் அவள் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று விரைந்து போனாள். இம்முறை மகனும் மகளும் அவளோடு போயினர்.